ஞாயிறு காலை பூங்காவில் கம்பிப் பயிற்சி

அனைவருக்கும் வணக்கம்.

நம் பூங்காவில் புல்-அப் கம்பியும் (தொங்கியபடி உடலை மேலே இழுக்க) பேரலல் பாரும் (இணையான இரண்டு கம்பிகள்) இலவசமாக இருக்கின்றன. நடந்து முடித்ததும் பலர் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறோம். வாரம் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சேர்ந்து பழகலாம், வாங்க.

ஜூன் 14, ஞாயிறு, காலை 6 மணி. 7.30க்குள் முடித்துவிடுவோம், வெயில் ஏறினால் கம்பி சுடும்.

1. ஷூ, துண்டு, தண்ணீர் பாட்டில் அவசியம். ஈரக் கையோடு கம்பியைப் பிடிக்க வேண்டாம், வழுக்கும்.
2. புல்-அப் வராதே என்று தயங்காதீர்கள். முதலில் சில நொடிகள் தொங்கினாலே போதும். அப்புறம் ஏதாவது திண்டில் ஏறி, தாடை கம்பிக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் பழகலாம். தண்டால் கஷ்டமா? பெஞ்சில் கை ஊன்றிச் செய்யுங்கள், பாரம் குறையும்.
3. ரத்த அழுத்தம், தோள்வலி உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வரவும்.
4. சிறுவர்களோடு ஒரு பெரியவர் கட்டாயம் இருக்க வேண்டும்.
5. துருவோ, ஆடும் போல்ட்டோ கண்ணில் பட்டால் படம் எடுத்து இங்கே போடுங்கள். சென்னை மாநகராட்சியின் 1913 புகார் எண்ணில் சொல்லிவிடலாம்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளி இரவுக்குள் பதிவிடவும். முன்பே பழகியவர்கள், சொல்லிக்கொடுக்க முடியுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.