செவ்வாய், வியாழன், சனி: இரண்டாம் ஷிஃப்ட்

டயாலிசிஸ் பிரிவுகளை நடத்தும் டாக்டர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் வணக்கம்.

வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம் மெஷினோடு படுத்துக் கிடப்பவன் எழுதுகிறேன். முதல்வர் காப்பீட்டு அட்டையில் செலவில்லாமல் நடக்கிறது. அதில் குறையில்லை. ஆனால் எங்களை ஷிஃப்ட் மாற்றும்போது, பக்கத்துப் படுக்கையில் யார் இருக்கிறார் என்றும் கொஞ்சம் பாருங்கள்.

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட புதிதில் "கையைப் பத்திரமா பாத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பினீர்கள். எப்படிப் பார்ப்பது? பக்கத்துப் படுக்கை அண்ணாச்சிதான் என் விரலைப் பிடித்துத் தன் கையில் வைத்துக் காட்டினார். தோலுக்கடியில், மடியில் படுத்த பூனை குர்ரென்பது போல ஓர் அதிர்வு. "தம்பி, தினமும் எந்திரிச்சதும் இதத் தொட்டுப் பாரு. நின்னுட்டுன்னா காபி கூடக் குடிக்காம இங்க ஓடியாந்துரு" என்றார். அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதே, ரத்தம் எடுக்க விடாதே, தலைக்கு வைத்துத் தூங்காதே. எல்லாம் அவர் பாடம்.

தண்ணீர்க் கணக்கும் அப்படித்தான். எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி, காபியோ மோரோ எது குடித்தாலும் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடச் சொன்னார். ரசமும் தண்ணீர்தான் என்று அன்றுதான் உறைத்தது. எதிர்ப் படுக்கை அக்கா, பொட்டாசியம் குறைய உருளைக்கிழங்கை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரையும் வடிப்பதை என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தார்.

சனிக்கிழமை முடித்தால் அடுத்தது செவ்வாய். நடுவே இரண்டு நாள்தான் எங்களுக்குக் கண்டம்; குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கி எடை ஏறும். திங்கள் இரவு அண்ணாச்சி போன் வரும்: "எத்தன கிலோ ஏறியிருக்க?" அந்தக் கேள்விக்குப் பயந்தே ஞாயிறு விருந்துகளில் பாயசத்தைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு வார்த்தை கேட்காமல் என்னைத் திங்கள், புதன், வெள்ளி காலைக்கு மாற்றிவிட்டார்கள். மெஷின் பழுதாகும், மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளவருக்குத் தனி மெஷின் வேண்டும், சரி, புரிகிறது. ஆனால் புது ஷிஃப்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. எல்லார் கையிலும் செல்போன். இரண்டாவது வாரமே நாலு கிலோ ஏறிப்போய் நின்றேன். அத்தனை தண்ணீரையும் மெஷின் ஒரே மூச்சில் இழுத்ததில் பிரஷர் இறங்கி, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து அலறிவிட்டேன். தப்பு என்னுடையதுதான். ஆனால் கேட்க ஆள் இருந்தவரை அந்தத் தப்பு நடக்கவில்லை.

ஷிஃப்ட் மாற்றுமுன் எங்களையும் கேளுங்கள். புதிதாக வருபவரைப் பழைய ஆள் ஒருவர் பக்கத்தில் படுக்க வையுங்கள். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

இரண்டாம் ஷிஃப்டில் இடம் காலியானால் எனக்குச் சொல்லுங்கள் என்று எழுத வந்தேன். எங்கள் வார்டில் படுக்கை எப்படிக் காலியாகும் என்பது தெரியும் என்பதால், அதை அடித்துவிட்டேன். மெஷின் ஒன்று கூடுதலாக வந்தால் சொல்லுங்கள்.