பாதி ராஜ்ஜியம் என்றால் எந்தப் பாதி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இதழின் சிறுவர் பகுதியில் வந்த இளவரசி கதையைப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். 'அந்த இளவரசி மகா புத்திசாலி' என்று முதல் வரி. அதன்பிறகு அவள் செய்ததெல்லாம் உப்பரிகையில் நின்றது, பெருமூச்சு விட்டது, கடைசியில் மாலை போட்டது. பூதத்தை விரட்டியவன் இளவரசன், விடுகதையை அவிழ்த்தவன் இளவரசன், குதிரைக்குக் கொள்ளு வைத்தவன்கூட இளவரசன். "புத்திசாலின்னு சொன்னாங்களே, அது எப்ப வரும் தாத்தா?" என்றாள் பேத்தி. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். குறுக்கெழுத்துப் போட்டிதான் இருந்தது.

நான் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். என்னை உறுத்தியது ராஜாவின் அறிவிப்பு. 'பூதத்தை விரட்டுபவருக்கு இளவரசியும் பாதி ராஜ்ஜியமும்' என்கிறார். எந்தப் பாதி? வடபாதியா, தென்பாதியா? நான்கெல்லை குறிப்பிடவில்லை. இத்தனை காலம் குகையில் குடியிருக்கும் பூதம் நாளைக்கு 'இருந்த இடம் எனக்கே சொந்தம்' என்று அனுபவ பாத்தியம் கோரினால் என்ன செய்வார்? அந்த அரண்மனையில் நிஜமாகவே ஒரு கெட்டிக்காரி இருந்திருந்தால், முரசு கொட்டுவதற்கு முன்பே ஓலையைப் பிடுங்கிப் படித்திருப்பாள்.

அன்றிரவு நாங்கள் இருவருமாகக் கதையை மாற்றினோம். எங்கள் இளவரசி ஓலையைப் படித்தாள். 'விரட்டுபவர்' என்றுதான் இருந்தது. ஆண்தான் வர வேண்டும் என்று எங்கும் இல்லை. நேரே குகைக்குப் போனாள். வாள் இல்லை, கக்கத்தில் ஒரு கோப்பு. பூதம் தங்கக் குவியல்மேல் படுத்திருந்தது. "இது உங்களுடையது என்றால் எப்படி வந்தது என்று எழுதிக் கொடுங்கள். இல்லை என்றால் கீழே இறங்கி உட்காருங்கள்." முதல் படிவத்தில் 'தகப்பனார் பெயர்' என்ற இடத்திலேயே பூதம் அழ ஆரம்பித்துவிட்டது (இது பேத்தியின் சேர்க்கை). ஆறாவது படிவத்தை நீட்டியபோது ஆளைக் காணோம், ஏழு கடலையும் தாண்டியாகிவிட்டது. இளவரசி திரும்பி வந்து, "அறிவித்தபடி என்னை எனக்கே கொடுத்துவிடுங்கள் அப்பா. பாதி ராஜ்ஜியத்தை இன்றே பதிவு செய்துவிடலாம்" என்றாள்.

இதெல்லாம் புதுமை மோகம் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லக்கூடும். பழைய கதைகளைப் புரட்டிப் பார்க்கட்டும். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட தவளை ராஜா கதையில், இப்போது எல்லாரும் சொல்லும் அந்த முத்தமே கிடையாது. இளவரசி எரிச்சலில் தவளையைச் சுவரில் அடிக்கிறாள், அது இளவரசனாகிறது. அவர்கள் தொகுப்பிலேயே இன்னொருத்தி, ராஜாவுக்கு வாழ்க்கைப்பட்ட குடியானவன் மகள். கோபித்துக்கொண்ட ராஜா, 'உனக்கு எது மிகப் பிரியமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போ' என்கிறார். அவள் ராஜாவுக்கே தூக்க மருந்து கொடுத்து, துணியில் சுற்றித் தூக்கிப் போய்விடுகிறாள். வாசகத்தை இப்படிப் படிக்கத் தெரிந்த பெண் கிடைத்திருந்தால் தொழிலில் பாதிப் பங்கே கொடுத்திருப்பேன்.

நம் விக்கிரமாதித்தன் கதைப் பேசாமடந்தைக்கு என்ன குறை? வாயே திறக்க மாட்டேன் என்று இருப்பவளிடம் அவன் வாளைக் காட்டவில்லை. கதை சொல்லி, அறையில் இருக்கும் பொருள்களைத் தப்பான தீர்ப்புச் சொல்ல வைக்கிறான். தப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை, பேசிவிடுகிறாள். தோற்றுப்போவதுகூட அறிவால்தான். இப்படி ஒரு காட்சி இருந்துவிட்டால் 'மகா' எல்லாம் எதற்கு?

சிறுவர் பகுதிக்குக் கதை தேர்வு செய்பவர், இளவரசி வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அவள் இல்லாமலே கதை ஓடினால், எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். அதற்காக இளவரசனைத் துரத்திவிட வேண்டாம், பாவம். எங்கள் கதையில் அவன்தான் படிவங்களுக்கு முத்திரை குத்தினான். நன்றாகவே குத்தினான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர்