அம்மாவின் அறுவை சிகிச்சை குறித்து

பல்லடம்

அன்புள்ள செந்தில் கண்ணு,

நேற்று நீ தொலைபேசியில் கேட்டபோது அம்மா பக்கத்திலேயே இருந்ததால் விளக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தொடை வழியாகக் குழாய் செலுத்தியே இதய ஓட்டையை அடைத்துவிட்டார்களே, அம்மாவுக்கு மட்டும் ஏன் நெஞ்சைத் திறக்க வேண்டும் என்று கேட்டாய். நானும் மருத்துவரிடம் அதையேதான் கேட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு இருந்தது, இரண்டு மேலறைகளுக்கும் இடையிலுள்ள சுவரின் நடுவில் விழுந்த ஓட்டை. சுற்றிலும் விளிம்பு இருப்பதால் அடைக்கும் சாதனம் பற்றிக்கொள்ளும். அம்மாவுக்கோ, உடலின் மேற்பாதியிலிருந்து அசுத்த ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய குழாயான மேற்பெருஞ்சிரை வந்து சேரும் மேல்கோடியில் ஓட்டை இருக்கிறது, அங்கே பிடிமானத்துக்கு விளிம்பில்லை. அதோடு, வலது நுரையீரலின் மேற்பகுதியிலிருந்து இடது மேலறைக்குப் போக வேண்டிய சிரை, பிறவியிலேயே தடம் மாறி மேற்பெருஞ்சிரையில் திறக்கிறது. கிணற்றில் இறைத்த நீர் வயலுக்குப் பாயாமல் திரும்பவும் கிணற்றிலேயே விழுவதைப் போல, சுத்தமான ரத்தம் மறுபடி நுரையீரலுக்கே போய், இதயத்தின் வலப்பக்கம் வீங்கியிருக்கிறது. ஓட்டையை மட்டும் அடைத்தால் அந்தச் சிரை அப்படியேதான் கிடக்கும்.

இத்தனை காலம் தெரியாமல் போனதில் வியப்பில்லை. மில்லில் வேலை பார்த்தவளுக்கு மூச்சு வாங்கினால் பஞ்சுத் தூசி என்றுதான் நம் பக்கத்தில் யாரும் முதலில் நினைப்பார்கள், இன்ஹேலரும் கொடுத்தார்கள். மார்பின்மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் பெரியவர்களுக்கு இந்த மூலை எளிதில் தென்படுவதில்லை. கோவையில் பார்த்த மருத்துவர்தான், இதயத்தின் இரண்டாம் ஒலி மூச்சை இழுத்தாலும் விட்டாலும் ஒரே அளவில் இரண்டாகப் பிளந்து கேட்கிறது, அது இப்படிப்பட்ட ஓட்டையின் அடையாளம் என்று ஸ்டெதாஸ்கோப்பிலேயே கண்டுபிடித்து, உணவுக்குழாய் வழி எக்கோவும் சி.டி. ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். இத்தனை இயந்திரங்கள் வந்த பிறகும் காதை நம்புகிற மருத்துவர்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

செய்யப்போவது 1984-இல் விவரிக்கப்பட்ட வார்டன் முறை. மேற்பெருஞ்சிரையை, வழிமாறிய சிரை சேரும் இடத்துக்கு மேலே வெட்டி, மேல்முனையை வலது மேலறையின் காதுமடலில் (அந்த அறையிலிருந்து பை போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில்) தைத்துவிட்டு, கீழே நிற்கும் பகுதியின் ரத்தத்தை அந்த ஓட்டை வழியாகவே இடது மேலறைக்குத் திருப்பிவிடுவார்கள். உறையிட்ட ஸ்டென்ட் (துணி போன்ற உறை போர்த்திய உலோக வலைக்குழாய்) வைத்து இதைக் குழாய் வழியாகவே சரிசெய்யும் முறையும் சில மருத்துவமனைகளில் வந்திருக்கிறது. ஆனால் அம்மாவின் சிரை மிக உயரத்தில் திறப்பதால் அது பொருந்தாது என்று சொல்லிவிட்டார்கள். தைத்த இடம் சுருங்கலாம், துடிப்பைத் தொடங்கிவைக்கும் முடிச்சு பாதிக்கப்பட்டால் பேஸ்மேக்கர் தேவைப்படலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். நுரையீரல் ரத்தக்குழாய்களின் அழுத்தம் கட்டுமீறி ஏறியிருந்தால் ஓட்டையை மூடுவதே ஆபத்தாகியிருக்கும்; அளந்து பார்த்ததில் அம்மா இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை. ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால் போகக்கூடும்.

ஆடி முடிந்ததும் தேதி தருகிறார்கள். அந்தச் சில வாரங்களால் கெடுதல் இல்லையாம். அதுவரை அம்மாவிடம் குழாய் வழி வைத்தியத்தைப் பற்றிப் பேச வேண்டாம். நீ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, காலையிலிருந்து ஆபரேஷனே வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா