எண்ணெய் கம்மியா போடுங்கண்ணே: இந்திய உணவுக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் இந்திய உணவுக் கடை நடத்தும் முதலாளிகளுக்கும், அடுப்படியில் நிற்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

தேக்கா நிலையத்திலோ அக்கம்பக்கத்து உணவங்காடியிலோ மதிய வரிசையில் நிற்கும் ஒருவர், "எண்ணெய் கம்மியா போடுங்கண்ணே" என்கிறார். கரண்டி பிடித்திருப்பவரும் "சரி" என்கிறார். அந்த நேரத்தில் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எண்ணெய் காலையிலேயே அண்டாவில் இறங்கிவிட்டது. அதனால் எங்கள் கோரிக்கை பரிமாறுபவரிடம் இல்லை, அடுப்பைப் பற்ற வைப்பவரிடம். தினமும் ஒரு சட்டி சாம்பார், ஒரு சட்டி கோழிக் குழம்பு, ஒரு பொரியல். இவற்றை மட்டும் அளந்த எண்ணெயில் தனியாகச் செய்து வையுங்கள்.

உடம்பு இளைக்க நினைப்பவர்களுக்காக இதைக் கேட்கவில்லை. அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. பித்தப்பையில் கல் இருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு சிறுகுடலின் தொடக்கத்துக்கு வந்ததும் ஒரு ஹார்மோன் சுரந்து பித்தப்பையைச் சுருங்க வைக்கும். அந்தச் சுருக்கத்தில் கல் போய்ப் பித்தப்பையின் வாயை அடைத்தால், வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும் வலி மணிக்கணக்கில் விடாது. கணையம் வீங்கி ஆறிவருபவருக்குக் கொழுப்பைச் செரிக்கும் நொதி போதாமல் போகலாம். அப்போது மலம் எண்ணெய்ப் பசையாக மிதக்கும். இரைப்பை மெதுவாகக் காலியாகும் கோளாறு உள்ளவருக்குக் கொழுப்பு அதை இன்னும் தாமதப்படுத்தும். எதுக்களிப்பு உள்ளவருக்கு, உணவுக்குழாயின் கீழ்முனையை மூடிவைக்கும் தசையைத் தளர்த்தும். இவர்களுக்கெல்லாம் ஒரு வேளைச் சாப்பாடு தப்பினால் அன்றைய இரவு தூக்கம் போகும், சிலருக்கு அவசரப் பிரிவு வரை போகும்.

கடைகளில் அடிக்கடி கிடைக்கும் பதில் ஒன்று உண்டு: "நாங்க நல்ல எண்ணெய்தான் பயன்படுத்துறோம்." உண்மைதான். சுகாதார மேம்பாட்டு வாரியம் ஊக்குவிக்கும் ஆரோக்கியமான எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு குறைவு, இதயத்துக்கு அது நல்லது. பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு, சூரியகாந்தி எண்ணெயில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் பித்தப்பை எண்ணெயின் பெயரைப் பார்ப்பதில்லை. எந்த எண்ணெயானாலும் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 14 கிராம் கொழுப்பு இருக்கிறது. பானங்களுக்கு ஏ முதல் டி வரை போடும் நியூட்ரி-கிரேட் எழுத்துகூடச் சர்க்கரையையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்துத்தான் தரம் பிரிக்கிறது. 2027இல் சமையல் எண்ணெய்க்கும் அந்த முத்திரை வரவிருக்கிறது. அன்றைக்கு 'நல்ல எழுத்து' வாங்கிய எண்ணெயை மாஸ்டர் தாராளமாக ஊற்றிவிடுவாரோ என்பதுதான் எங்கள் பயம். இந்த வாடிக்கையாளர்களுக்கு வேண்டிய கணக்கு எந்த எண்ணெய் என்பதல்ல, எவ்வளவு எண்ணெய் என்பது.

எவ்வளவு என்றால், கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் எல்லை ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிராம். அதையும் ஒரே வேளையில் தின்னாமல் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆக, உங்கள் மதியத் தட்டுக்கு 10 முதல் 15 கிராம் வரை இடம் இருக்கிறது. பூஜ்யம் வேண்டாம். ஏ, டி, இ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு தேவை. கொழுப்பே வராத பித்தப்பை சுருங்காமல் கிடந்தால் பித்தம் தேங்கும், அதுவும் கல்லுக்கு வழி. எனவே தாளிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை, அளக்கத்தான் சொல்கிறோம்.

சாம்பாரில் தொடங்குங்கள், அதுதான் எளிது. 10 லிட்டர் சாம்பாருக்கு 100 மில்லி எண்ணெயில் தாளித்தால் 92 கிராம் கொழுப்பு. 200 மில்லி கரண்டியால் 50 பேருக்கு ஊற்றினால் ஆளுக்கு 2 கிராமுக்கும் குறைவு. அகலச் சட்டியில் தாளித்தால் எண்ணெய் பரவி, கடுகு வெடிக்காமல் கருகும், மாஸ்டரின் கை தானாக இன்னொரு ஊற்று ஊற்றும். குழிவான தாளிப்புக் கரண்டியில் பகுதி பகுதியாகத் தாளித்தால் இந்த அளவே போதும். கடைசியில் கொட்டிக் கலக்குங்கள். ஆனால் ஒன்று, எண்ணெய் மேலே மிதக்கும். கலக்காமல் மேலாக மொண்டால் முதல் பத்துப் பேருக்கு எண்ணெயும் கடைசிப் பத்துப் பேருக்குப் பருப்பும் போகும். ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து ஒரு சுற்று கலக்கிவிட்டு மொள்ள வேண்டும்.

குழம்புதான் கஷ்டம். மசாலா வெந்ததற்கு அடையாளம் எண்ணெய் பிரிவது என்று பழகிய கை, குறைந்த எண்ணெயில் தடுமாறும். அடிப்பிடிக்கும், பச்சை வாசனை போகாது, நிறம் வராது. மிளகாயின் நிறமும் மசாலா மணமும் எண்ணெயில்தான் நன்றாக இறங்குகின்றன, அதனால் எண்ணெயைக் குறைத்தால் ருசி மொட்டையாகிவிடுவது இயல்பு. அதைச் சரிக்கட்ட, மல்லி, சீரகம், மிளகு, சோம்பு இவற்றை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, அன்றன்றைக்கே பொடியுங்கள். வெங்காயத்தை வேகவைத்து அரைத்தால் வதக்கும் எண்ணெயில் பெரும்பகுதி மிச்சம். அந்த விழுதை மூடிபோட்டுச் சிறு தீயில் வைத்து, ஒட்டும்போதெல்லாம் ஒரு கரண்டி வெந்நீர் தெளித்து வதக்குங்கள். விழுது சுருண்டு சட்டியின் ஓரத்தை விட்டு வந்து, பச்சை வாசனை போனால் வெந்துவிட்டது என்று அர்த்தம். எண்ணெய் பிரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

5 கிலோ தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறிக்கு 120 மில்லி எண்ணெய் என்று வையுங்கள். 40 பங்கு வரும், பங்குக்கு எண்ணெய் 3 கிராமுக்குள், கறியிலிருந்து ஏறக்குறைய இன்னொரு 3 கிராம். இந்தக் குழம்பில் 2 லிட்டர் தேங்காய்ப்பால் விட்டால் என்ன ஆகும்? பாலில் நூற்றுக்கு 20 கிராம் கொழுப்பு என்று வைத்தாலும் மொத்தம் 400 கிராம், பங்குக்கு 10 கிராம் கூடிவிடும். செய்த சிக்கனமெல்லாம் அதோடு போச்சு. முந்திரி, கசகசா அரைத்து விடுவதும் அதே கதைதான். கெட்டிப்படுத்தப் பொட்டுக்கடலை மாவு போதும். புளிப்பும் வெண்மையும் வேண்டுமென்றால் கொழுப்பு குறைந்த தயிர் ஊற்றலாம், ஆனால் அது சீக்கிரம் திரிந்துவிடும். அரை லிட்டர் தயிருக்கு ஒரு மேசைக்கரண்டி சோளமாவு சேர்த்து அடித்து, தீயைத் தணித்து, குழம்பிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து அதில் கலந்து சூடேற்றி, பிறகு ஊற்றுங்கள். ஊற்றியபின் மெல்லிய தீயில் மாவு வேகும்வரை வைத்தால் போதும், தளதளவென்று கொதிக்க விடாதீர்கள்.

ஆட்டுக்கறிக் குழம்பை முந்தின இரவே செய்து குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் கொழுப்பு வெள்ளைத் தகடாக உறைந்து நிற்கும், அப்படியே எடுத்துவிடலாம். சூரியகாந்தி எண்ணெய் இப்படி உறையாது, அதனால் அதைப் பின்னால் எடுக்கலாம் என்று நம்பி ஊற்றாதீர்கள். கத்தரிக்காய் எண்ணெயைக் குடிக்கும், முதலில் ஆவியில் பாதி வேகவைத்துவிட்டுப் பிரட்டுங்கள். மீனை வாழையிலையில் சுற்றிக் கல்லில் போடலாம். அப்பளத்தைச் சுட்டுக் கொடுங்கள்.

பலரும் ஏமாறும் இடம் இட்லி. இட்லியில் கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை, சரி. பக்கத்தில் வைக்கும் தேங்காய்ச் சட்னியில் 30 கிராம் தேங்காய் இருந்தால் 10 கிராம் கொழுப்பு வந்துவிட்டது. பொடியைக் குழைக்க ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றினால் இன்னும் 14. அவர் நெய் ரோஸ்ட்டே வாங்கியிருக்கலாம்! தக்காளிச் சட்னியும் புதினாச் சட்னியும் தேங்காய் இல்லாமல் ஒரு கிண்ணத்தில் தனியாக இருக்கட்டும்.

பரோட்டாவை மட்டும் 'எண்ணெய் குறைத்து'ச் செய்ய முயல வேண்டாம். உருண்டை ஊறுவதே எண்ணெயில், வீசுவதும் எண்ணெயில், அது இல்லாமல் ஏடு பிரியாது. குறைத்தால் பரோட்டாவும் கெடும், நோயாளிக்கும் போதுமான அளவு குறையாது. அதற்குப் பதில் சப்பாத்தி போடுங்கள். அதையும் தோசையையும் பரோட்டா போட்ட கல்லில் போடாதீர்கள், துடைத்தாலும் அந்தக் கல்லில் எண்ணெய் நிற்கும். தனிக் கல் இல்லையென்றால் காலையில் முதல் ஈடாக இவற்றைச் சுட்டு வைத்துவிடலாம்.

பரிமாறும்போதுதான் பாதி கெடுகிறது. அளந்து செய்த சோற்றின் மேல், கேட்காமலே "மீன் குழம்பு கொஞ்சம் ஊத்தவா" என்று ஊற்றிவிடுவது நம் பாசம். இந்தத் தட்டுக்கு அந்தப் பாசம் வேண்டாம். கரண்டி தனி, குழம்பு தனிக் கிண்ணத்தில். பொட்டலம் கட்டும் பெண்ணுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பானக் கடை உங்களுடையதானால், பால் சேர்க்காத தே ஓவைப் பரிந்துரையுங்கள். தே தாரிக்கில் இருக்கும் கெட்டிப்பாலிலும் கொழுப்பு உண்டு.

அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். இந்தச் சட்டிகளுக்கென்று ஒரு எண்ணெய்ப் போத்தலைத் தனியாக வைத்து, காலையில் ஒரு முறை, கடை கட்டும்போது ஒரு முறை தராசில் நிறுத்துப் பாருங்கள். வித்தியாசத்தை அன்று விற்ற தட்டுகளால் வகுத்தால் தட்டுக்கு எத்தனை கிராம் எண்ணெய் என்று வந்துவிடும். மூன்று சட்டிக்கும் சேர்த்து நீங்கள் கணக்கிட்ட அளவைத் தாண்டினால் எங்கோ கண்ணளவு திரும்ப வந்துவிட்டது.

பலகையில் "வயிற்று நோயாளிகளுக்கு உகந்தது" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ரசத்தில் கொழுப்பு மிகக் குறைவு, ஆனால் அதன் புளியும் மிளகும் எதுக்களிப்புக்காரருக்கு ஆகாமல் போகலாம். குடல் எரிச்சல் உள்ள சிலருக்கு வெங்காயமும் பருப்பும் சேராது. நாள்பட்ட கணைய அழற்சிக்கு நொதி மாத்திரை சாப்பிடும் பலருக்குக் கொழுப்பைக் குறைக்கவே வேண்டாம் என்று மருத்துவர்கள் இப்போது சொல்கிறார்கள். பித்தப்பையை எடுத்துவிட்டவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். எது யாருக்கு என்பதை அவரும் அவருடைய மருத்துவரும் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "சோறு, சாம்பார், கோழி, பொரியல், மோர். தட்டுக்குச் சுமார் 12 கிராம் கொழுப்பு. தேங்காய், முந்திரி, நெய் சேர்க்கவில்லை."

எல்லா நாளும் முடியாது என்றால் வாரத்தில் இரண்டு நாள் போதும், ஆனால் எந்த இரண்டு நாள் என்பது மாறக்கூடாது. விலையை வெள்ளிக்கணக்கில் ஏற்ற வேண்டிய அவசியமும் தெரியவில்லை, எண்ணெயும் தேங்காயும் முந்திரியும் மிச்சமாகிறதல்லவா.

இப்படிக்கு,
உணவு ஆலோசனையிலும் பெருஞ்சமையலிலும் பணிபுரியும் சிலர்