இலங்கை மலையகத்தில், ஹட்டனில் இருக்கும் நண்பனுக்கு

கோத்தகிரி

அன்புள்ள நண்பா,

நலம். உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு 7 பேர்ச் காணியும் (எங்கள் கணக்கில் நாலு சென்ட்டுக்குச் சற்று மேல்) வீடும் கிடைத்து, உறுதிப் பத்திரமும் கைக்கு வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். பேரப்பிள்ளைகளுக்கு அதன் அருமை புரியவில்லை. வீடென்றால் பத்திரம் இருக்காதா என்று கேட்கிறார்கள். தோட்டத்து லயத்தில், வரிசையாய்க் கட்டிய ஒற்றை அறை வீட்டில் பிறந்தவனுக்குத்தானே அது தெரியும்! நமக்கு வந்த கடிதம் ஒன்றாவது நேராக வீட்டுக்கு வந்திருக்கிறதா? தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கே கிடக்கும், யாராவது காலையில் ஆளெடுக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் உண்டு. இனி உன் மகனுக்கு வீட்டு நம்பர் போட்டுத் தபால் வரும். பிரஜாவுரிமை கிடைத்த நாளைவிட இந்த நாளைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இதைச் சொன்னால் நீ சண்டைக்கு வருவாய், தெரியும். பிரஜாவுரிமை இல்லாமல் காணி ஏது என்பாய். நியாயம்தான். 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய நம் தோட்டத்துச் சனம், அடுத்த வருஷமே நாடற்றதாகிப் போனது. அப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் பிறந்ததைக் காட்டு என்றது 1948 பிரஜாவுரிமைச் சட்டம். நம் தாத்தாக்கள் தேயிலைக்கு நடுவில்தான் பிறந்தார்கள். பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? அந்தக் காகிதம் இல்லாததால் எத்தனை பேர் வாழ்க்கை கெட்டது என்பதை நான் மறக்கவில்லை. பிரஜாவுரிமை கொடுத்த 2003 சட்டம் வரும்வரை உங்களில் பலர் எந்த நாட்டுக்காரர் என்று சொல்ல முடியாமலே காலம் தள்ளினார்கள்.

ஆனாலும் காகிதம் கிடைத்தவன் கதையையும் கேள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து நம் ஆட்கள் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தார்கள். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில்தான் எங்கள் அப்பா இந்தப் பக்கமும், கல்யாணமாகிப் போயிருந்த அக்கா அந்தப் பக்கமும் விழுந்தார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் கோச்சி நகர்ந்தபோது அக்கா சன்னல் கம்பியை விடாமல் கூடவே ஓடி வந்ததும், ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி கேட்டதும் உனக்கு ஞாபகம் இருக்கும். நீதானே அவளைப் பிடித்து நிறுத்தினாய். தலைமன்னார், கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை.

இங்கே சர்க்கார் காகிதத்தில் எங்களுக்குத் தாயகம் திரும்பியோர் என்று பெயர், அக்கம்பக்கத்தில் சிலோன்காரர்கள். வாக்காளர் அட்டை இருந்தது, ரேஷன் அட்டை இருந்தது. என் மூத்தவனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தபோது, "பூர்வீகம் எது, ஆதாரம் எங்கே?" என்றார்கள். பூட்டன் எந்தக் கிராமத்திலிருந்து கப்பலேறினான் என்று காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? உன் தாத்தாவை அங்கே கேட்ட அதே கேள்வி. நான் மனம் உடைந்தது அன்றுதான்.

என்னைவிட மோசமான நிலையில் இருப்பவர்களையும் பார்க்கிறேன். 77லும் 83லும் கலவரத்தில் அடிபட்டு வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து படகில் வந்தார்களே நம் ஆட்கள், அவர்கள் இங்கே அகதிகள். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் பிறந்தவர்கள். கப்பலில் வந்தவன் குடிமகன், படகில் வந்தவன் அகதி. முகாமில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் படித்து முடித்த பிள்ளைகள்கூட இந்தியர் இல்லையாம். எந்த நியாயத்தில் சேர்த்தி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தே ஆக வேண்டும்.

நம் சனம் வந்த இருநூறு வருஷ நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, நீ கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டாயே, அந்தப் போட்டோவை எடுத்துப் பார்ப்பேன். அந்தக் காலத்தில் கோப்பித் தோட்டத்துக்கு நம் ஆட்கள் நடந்துபோன பாதை. எத்தனையோ பேர் போய்ச் சேராமல் வழியிலேயே செத்தார்கள். அந்த மண்ணுக்கு அவர்களைவிட உரிமை உள்ளவர் யார்? இருநூறு வருஷ உழைப்பைச் சொல்ல ஒரு சான்றிதழும் வேண்டியதில்லை என்று நினைப்பவன் நான். அதற்காக உறுதியை அலட்சியமாக வைத்துவிடாதே. லாமினேட் செய்யாமல் நல்ல உறையில் போட்டு வை, நகல் இரண்டு எடுத்துக்கொள்.

அக்கா பேத்தி கல்யாணத்துக்கு வருகிறேன். விசாவுக்கு மகன் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்தான். பிறந்த இடம் ஹட்டன், வருகையின் நோக்கம் சுற்றுலா. அக்காவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. கொழும்பிலிருந்து கோச்சியில்தான் வருவேன், ஸ்டேஷனுக்கு வந்துவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்