கை வீங்கினால் வரச் சொல்லுங்கள்

மொரிசியஸ் அரசு மருத்துவமனைகளின் இதயப் பிரிவு மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது, காயத்தை நனைக்க வேண்டாம், கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டாம் என்கிறீர்கள். அந்தப் பக்கத்துக் கை வீங்கினால் உடனே வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் அம்மாவிடம் அதை யாரும் சொல்லவில்லை. சில வாரங்களில் இடது கை கனத்து, வளையல் கழற்ற முடியாமல் இறுகியது. காயத்தைப் பார்த்தவர், நன்றாக ஆறியிருக்கிறது என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். காயத்தில் குறையே இல்லை. அடைப்பு இருந்தது காரை எலும்புக்கு அடியில் ஓடும் சிரை என்னும் இரத்தக்குழாயில். வேறொரு மருத்துவர், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்ன பிறகுதான் அது தெரிந்தது.

அந்தச் சிரை வழியாகத்தான் பேஸ்மேக்கரின் கம்பி இதயத்துக்குள் இறங்குகிறது. கம்பி உரசும் இடத்தில் இரத்தம் உறையலாம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பலருக்குப் பக்கத்துச் சிரைகள் விரிந்து வழிவிடுவதால் ஒன்றுமே தெரிவதில்லை. சிலருக்குக் கை வீங்கும், நீலம் பாயும், தோளிலும் மார்பிலும் சிரைகள் புடைக்கும். உறைந்த இரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நம் வீடுகளிலோ கை வீங்கினால் முதலில் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார்கள். அது கூடாது என்று நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள்.

பயத்தில் கையை அசைக்காமலே வைத்திருப்பவர்களும் உண்டு, தோள் இறுகிவிடும். விரலையும் முழங்கையையும் மெல்ல அசைக்கலாம் என்று செய்து காட்டுங்கள்.

தைப்பூசக் காவடி நெருங்கும்போது இன்னொரு கவலை. நேர்த்திக்கடனை நிறுத்த எங்கள் பெரியவர்களுக்கு மனம் வராது. கம்பி நிலைகொள்வதற்குள் கையைத் தூக்கிக் காவடி சுமக்கலாமா என்று அவர்கள் உங்களிடம் கேட்கவும் மாட்டார்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர், விரத நாட்களில் திடீரென முருங்கைக்கீரையும் மற்ற கீரைகளும் கூடுதலாகச் சாப்பிட்டால் மருந்தின் வேகம் குறையும். கீரையை விடச் சொல்ல வேண்டாம். கீரையின் அளவை மாற்றாதீர்கள் என்று சொன்னால் போதும்.

அம்மாவிடம் கொடுத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. எங்கள் வீட்டு முதியவர்கள் பேசுவது மொரிசியஸின் கிரியோல் மொழி. கை வீக்கம், நீலம், மூச்சுத்திணறல், உடனே அழைக்க வேண்டிய எண்: இவற்றைக் கிரியோலில் அச்சிட்டு, படித்துக்காட்டிக் கொடுங்கள். வீங்கிய கையோடு வருகிறவரை ஸ்கேன் எடுக்காமல் திருப்பி அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
காத்ர் போர்னிலிருந்து ஒரு மகள்