இரு பந்திகள், இரு அளவைகள்

திருகோணமலை

அன்புள்ள மகளுக்கு,

தமிழ்ச் சங்க மலருக்காக நீ எழுதிய கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக வந்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தை மட்டும் அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடாதே என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டதையும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டதையும் நீ மறைக்கவில்லை. அவை புலிகள் இயக்கத்தின் செயல்கள், அவற்றுக்காகத் தமிழ் மக்கள் எல்லோரையும் குற்றவாளிகளாக்க முடியாது என்று வாதாடியிருக்கிறாய். சரியான வாதம். ஆனால் அடுத்த பந்தியில், அதே காலத்தில் முஸ்லிம் ஊர்காவற்படையினர் சிலர் கிழக்கின் தமிழ்க் கிராமங்களில் செய்த கொலைகளைச் சொல்ல வந்த இடத்தில், ‘முஸ்லிம்கள் எங்களைக் கொன்றார்கள்’ என்று எழுதிவிட்டாய். அங்கே படையின் பெயர் இல்லை, அதற்குத் துவக்குக் கொடுத்த அரசும் இல்லை. நம்மவர் செய்தால் ஆயுதம் ஏந்தியவன் மட்டும் பொறுப்பு, மற்றவர் செய்தால் அன்று பிறந்தேயிராத குழந்தையும் பொறுப்பு என்பது எந்த ஊர் நியாயம், பிள்ளை? நம் பக்கத்துக் குற்றத்துக்குச் சூழ்நிலையையும் பிறர் குற்றத்துக்குப் பிறவிக் குணத்தையும் காரணமாக்கும் இந்தப் போக்கை அமெரிக்க உளவியலாளர் தோமஸ் பெட்டிக்ரூ 1979 இலேயே விளக்கியிருக்கிறார்.

எதையும் பொதுவாகச் சொல்லவே கூடாது என்பதல்ல என் கருத்து. அல்லை, கந்தளாய்க் குடியேற்றத் திட்டங்கள் இம்மாவட்டத்தின் குடிப்பரம்பலை மாற்றின என்று தாராளமாக எழுது; அது அரசுகள் எடுத்த முடிவு, குடிசன மதிப்பீடுகளைக் கொண்டே நிறுவலாம். அங்கே காணி கிடைத்து வந்த ஏழைச் சிங்கள விவசாயியின் மனத்தில் என்ன இருந்தது என்பதை எந்த மதிப்பீடும் சொல்லாது. 1983 ஜூலையில் தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்துவைத்துக் காத்த சிங்களவரும் இருந்தார்கள். ‘சிங்களவர் இனவாதிகள்’ என்ற உன் வரியில் அவர்களுக்கு எங்கே இடம்?

2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, நகரத்துக் கடையொன்றின் வாசலில் கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் பெண்ணொருத்தியின் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார்கள். பால்மாப் பெட்டி, இருமல் மருந்து, குழந்தையின் கிளினிக் கொப்பி, அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால் நின்ற என் பையை ஒருவரும் தொடவில்லை. தமிழர் என்பதற்காகவே சோதனைச் சாவடிகளில் பஸ்ஸிலிருந்து இறக்கி நிறுத்தப்பட்ட தலைமுறை நாங்கள். அதை அநீதி என்று இன்றுவரை சொல்லும் நம்மவர் பலர், அந்தப் பெண்ணுக்கு நடந்ததைப் பாதுகாப்பு ஏற்பாடு என்றார்கள். என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை.

ஆகவே அந்தப் பக்கத்தைத் திருத்து. ஒவ்வொரு குற்றத்துக்கும் எவர், எந்த ஊரில், எந்த ஆண்டில், யாருடைய கட்டளையில் என்று எழுது. தெரியாத இடத்தில் ஒரு சமூகத்தின் பெயரைப் போட்டு நிரப்பாதே. பழைய பத்திரிகைகள் பார்க்க வேண்டுமானால் சொல், நான் நூலகத்துக்குப் போய்த் தேடிப் படமெடுத்து அனுப்புகிறேன். மலர்க்குழு அவசரப்படுத்தினால் அடுத்த இதழுக்குத் தருவதாகச் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா